கோபி சுகர் கிளினிக்: அத்தையைக் கூட்டிட்டுப் போன ஆறு மாசம்

போன ஆவணி மாசம் ஒரு நாள் பொழுதோட, எங்க அத்தை கட்டுத்தாரையில இருந்து பால் சொம்போட வாசலுக்கு வந்தாங்க. ஒரு கால்ல செருப்பு இருக்குது, இன்னொரு கால்ல இல்ல. "செருப்பு எங்கீங்க அத்தை?"ன்னு கேட்டேன். குனிஞ்சு பாத்தாங்க. அவங்களுக்கே அப்பத்தான் தெரியுது. தேடிப் போனா தண்ணித்தொட்டிகிட்ட கெடக்குது, அங்கிருந்து வாசலுக்கு நாப்பது அடியாச்சும் இருக்கும். பாதத்தைத் திருப்பிப் பாத்தேன். குதிகாலுக்கு முன்னால ஒரு வேலாமுள்ளு முறிஞ்சு உள்ளேயே நிக்குது. எத்தனை நாளாச்சோ, சுத்தியும் வெள்ளையா ஊறிப் போயிருந்துச்சு. ஊசியில எடுக்கறப்ப "வலிக்குதுங்களா"ன்னு கேட்டா, "இல்ல கண்ணு, நீ எடு"ங்கறாங்க.

முள்ளு குத்தி வலிக்காத கால் எப்படிப்பட்ட காலுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. எங்கம்மா வீட்டுல அப்பாவுக்கு சுகர் இருந்துச்சு, ஆனா அவரு போய் இருபது வருசம் ஆச்சு. அத்தைக்கு 73 வயசு. இதுக்கு முன்னால ரத்தம் குத்திப் பாத்ததே இல்ல. கொஞ்ச நாளா அசதின்னாங்க, ராத்திரி மூணு நாலு தடவை எந்திரிச்சு வெளிய போவாங்க, கண்ணு மங்கலா இருக்குன்னாங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் எங்க வீட்டுல: வயசாயிடுச்சு. அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு நோயே ஒளிஞ்சு உக்காந்திருந்துச்சு.

கோபியில, அதாவது கோபிசெட்டிபாளையத்துல இருக்கற ஒரு சுகர் கிளினிக்கைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன். வீட்டுல 60 தாண்டினவங்களை வெச்சிருக்கறவங்க எங்க போனாலும் என்னென்ன பாக்கணும், என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சா உதவியா இருக்குமேன்னுதான் இத்தனை விவரமா எழுதறேன்.

முதல்ல நாங்க போனது இந்த கிளினிக்குக்கு இல்ல. வேற ஒரு ஆஸ்பத்திரி. அங்க வெறும் வயித்துல சுகர் 212, ரத்தச் சர்க்கரையோட மூணு மாச சராசரி (HbA1c) 9.8. பாத்தது நாலு நிமிசம் இருக்கும். மூணு மாத்திரை எழுதிக் குடுத்து, "ஸ்வீட் சாப்பிடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க, விரதம் இருப்பீங்களா, ஒருத்தரும் கேக்கல. காலைக் காட்டணும்னு நான் சொன்னேன். முள்ளு குத்தின இடத்துக்கு ஒரு களிம்பு எழுதினாங்க, செருப்பைக் கழட்டச் சொல்லல.

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. அத்தை கல்யாணமாகி வந்த நாளா பெருமாளுக்கு ஒருபொழுது இருக்கறவங்க. மாத்திரையை மட்டும் விடக் கூடாதுன்னு வெறும் வயித்துலயே போட்டிருக்காங்க. ராத்திரி ரெண்டு இட்லியோட படுத்துட்டாங்க. வெடியால மூணு மணிக்குப் பக்கம் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டு எந்திரிச்சேன். அத்தை கட்டில்ல உக்காந்து, செத்துப் போன அவங்க அண்ணன்கிட்ட எருமை வெலை பேசிட்டு இருக்காங்க. ஜாக்கெட் முழுக்க வேர்வையில நனைஞ்சிருக்குது. கை வெடவெடன்னு நடுங்குது. வீட்டுக்காரரு ஓடிப்போய் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வீட்டுல இருந்து குளுக்கோமீட்டர் வாங்கிட்டு வந்தாரு. 46.

அந்த நேரத்துல கைக்குக் கிடைச்சது நாட்டுச்சர்க்கரை. எங்க வீட்டுல அதுக்குப் பஞ்சமில்ல, கரும்பாலை வெச்சிருக்கோம். தண்ணியில கரைச்சு, தலையைத் தாங்கிப் பிடிச்சு, முழுங்கறாங்களான்னு பாத்துப் பாத்துக் குடுத்தோம். கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா 71. அப்புறம் கொஞ்சம் சோறு மோர் ஊத்திக் கரைச்சுக் குடுத்தோம். நினைவு இருந்ததால வாயில குடுக்க முடிஞ்சுது. நினைவு தப்பியிருந்தா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழல்ல போயிரும், நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். சுகர் ஏறினா ஆபத்துன்னு ஊரே சொல்லுது. எறங்கினா ஒரே ராத்திரியில ஆள் போயிருவாங்கன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கல.

அதுக்கப்புறம் என் நாத்தனார் சொல்லித்தான் ஐப்பசியில கோபிக்குப் போனோம். கவுந்தப்பாடியில இருந்து பஸ்ல அரை மணி நேரந்தான்.

காலையில ஏழு மணிக்கு டோக்கன். வெறும் வயித்துல போகணும். ரத்தம் எடுத்ததும் சாப்பிட அனுப்பிருவாங்க, சாப்பிட ஆரம்பிச்ச நேரத்துல இருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க. கீழயே ஒரு பேக்கரி இருக்குது. பாதிப் பேரு அங்க போய் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுட்டு வந்து, "என்னங்க இது இவ்வளவு காட்டுது"ன்னு கவலைப்படறாங்க. தெனமும் வீட்டுல என்ன சாப்பிடறீங்களோ அதையே டிபன்ல கொண்டு போங்க. அப்பத்தான் உங்க சாப்பாட்டுக்கு உங்க ஒடம்பு என்ன சொல்லுதுன்னு தெரியும். டாக்டரைப் பாக்க பதினொண்ணு ஆயிரும், வீடு வர ரெண்டு மணி. வயசானவங்களுக்கு அது பெரிய நாள். தலைகாணி ஒண்ணு எடுத்துட்டுப் போனோம், உபயோகமா இருந்துச்சு.

செலவு: டாக்டர் பீஸ் 250. முதல் நாள் ரத்தம், யூரின், கால் பரிசோதனை எல்லாம் சேத்து 1,650 ஆச்சு. அடுத்தடுத்த தடவை 600க்குள்ள முடிஞ்சுது.

டாக்டர் முதல்ல பாத்தது அத்தை மாத்திரைச் சீட்டை. அதுல கிளிபென்கிளமைடுன்னு ஒரு மருந்து இருந்துச்சு. அதை விரல் வெச்சுக் காட்டி, "இது ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும்ங்க. இளவட்டத்துக்குப் பரவால்ல. அம்மாவுக்குக் கிட்னி வடிகட்டற வேகம் வயசுல கொறைஞ்சிருக்கு, மருந்து வெளிய போகாம தேங்கும். அன்னைக்கு ராத்திரி நடந்தது அதுதான்"னாரு. கிரியேட்டினின் 1.2 இருந்துச்சு. ரிப்போர்ட்ல அது பெருசாத் தெரியாது. வயசையும் சேத்துக் கணக்குப் போட்டா வடிகட்டற அளவு 48தான் வருது, நல்ல கிட்னிக்கு 90க்கு மேல இருக்கணும்னு பேப்பர்ல எழுதிக் காட்டினாரு. அந்த மாத்திரையை நிறுத்தினாரு. மெட்பார்மின்னு இருந்த இன்னொரு சுகர் மாத்திரையோட அளவைப் பாத்து வெச்சாரு. மூணு மாத்திரையோட போனவங்க ரெண்டோட திரும்பி வந்தோம். மாத்திரையைக் கொறைச்சு அனுப்பின டாக்டரை நான் அப்பத்தான் முதல்முறையாப் பாத்தேன்.

இன்னொண்ணும் சொன்னாரு, அது எனக்குப் பெரிய நிம்மதி. நாப்பது வயசுக்காரருக்கு மூணு மாச சராசரி 7க்குக் கீழ வேணும்னு பாடுபடலாம். 73 வயசுல, ஒரு தடவை சுகர் எறங்கி மயங்கினவங்களுக்கு 7.5ல இருந்து 8 வரைக்கும் இருந்தாப் போதும், அதுக்கும் கீழ வெரட்டினா விழுந்து இடுப்பெலும்பு முறியற ஆபத்துதான் ஜாஸ்தி. அத்தை இப்ப 7.7ல இருக்காங்க. ஒரம்பரைக்காரங்க போன்ல "இன்னும் 7ல இருக்குதா"ன்னு கேக்கறப்பெல்லாம் இதைத்தான் சொல்றேன். அந்தச் சராசரி ரத்தச் சிவப்பணு மேல ஒட்டற சர்க்கரையை வெச்சு எடுக்கறது, அணுவோட ஆயுசு நாலு மாசம், அதனால மாசாமாசம் அதை எடுக்கறது வீண் செலவு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்னாங்க. அந்த வகையில இங்க காசு பிடுங்கல.

கால் பரிசோதனையைப் பத்தித் தனியாச் சொல்லணும். ஒரு நர்ஸ் பொண்ணு அத்தையைப் படுக்க வெச்சு, கண்ணை மூடச் சொல்லிட்டு, ஒரு நைலான் நரம்பு மாதிரி இருக்கறதை எடுத்து பாதத்துல ஒவ்வொரு இடமா வெச்சு லேசா வளையற வரைக்கும் அழுத்துச்சு. "தொடறப்ப தொடறப்ப சொல்லுங்கம்மா." கணுக்கால் பக்கம் "ம்" சொன்னாங்க. மேல்பாதம், "ம்". கட்டைவிரல் நுனிக்கு வந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன், நரம்பு வளைஞ்சே போச்சு. அத்தை மூச்சுக்கூட விடல, அடுத்ததுக்காகக் காத்துட்டுப் படுத்திருக்காங்க. நடுவிரல் அடியில வெச்சுச்சு. அமைதி. சுண்டுவிரல் அடியில. அமைதி. கண்ணைத் தொறந்து, "என்ன கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலையா?"ன்னாங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

பத்து கிராம் எடை அழுத்தந்தானாம் அது. அது தெரியாத கால்ல செருப்பு கழண்டாலும் தெரியாது, முள்ளு ஏறினாலும் தெரியாது. நரம்பு இந்த அளவுக்குப் போகணும்னா சுகர் பல வருசமா இருந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நாங்க ஆவணியில கண்டுபிடிச்சோம், அவ்வளவுதான். பி12 சத்து கொறைஞ்சாலும் கால் மரத்துப் போகும்னு அதையும் சேத்துப் பாத்தாங்க, அது சரியா இருந்துச்சு.

அன்னைல இருந்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னால ஒரு கைக்கண்ணாடியை வெச்சு உள்ளங்காலைப் பாக்கறோம். சுடுதண்ணியை கால்ல ஊத்தறதுக்கு முன்னால என் முழங்கையில தொட்டுப் பாக்கறேன். வீட்டுக்குள்ளயும் எம்சிஆர்னு சொல்ற மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு, பின்னால வார் வெச்சது, கழண்டு விழாது. ஆணிக்காலை பிளேடுல சீவறதை நிறுத்தியாச்சு.

வெயிட்டிங் ஹால்ல சுவர் பூராவும் ஒரு போர்டு. புதன்கிழமை ஆனா டாக்டரே வந்து கால் மணி நேரம் பேசறாரு. அந்தப் பேச்சுக்காகவே புதன்கிழமை போங்கன்னு சொல்வேன். அவரு சொன்னது இது: மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர், ஐசிஎம்ஆர்-இண்டியாப்னு நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023ல வெளியாச்சு, நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடிப் பேரு அதுக்கு முந்தின படியில நிக்கறாங்க. பெரியவங்கள்ல நூத்துக்கு 11.4 பேரு, நம்ம தமிழ்நாட்டுல 14.4. வயசு ஏற ஏறக் கணக்கு இன்னும் கூடுது: 45 வயசுக்கு மேல இருக்கறவங்களை வெச்சு 2017ல இருந்து 2019 வரைக்கும் எடுத்த இன்னொரு பெரிய ஆய்வுல, ரத்தம் எடுத்துப் பாத்தப்ப அஞ்சுல ஒருத்தருக்கு இருந்துச்சு. அதுல அஞ்சு பேருக்கு ரெண்டு பேரு தனக்கு இருக்கறதே தெரியாம இருந்திருக்காங்க. அந்த ரெண்டு பேருல எங்க அத்தையும் ஒருத்தராத்தான இருந்தாங்கன்னு நெனைச்சேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தேன். எங்க வளவுல 60 தாண்டினவங்க 11 பேரு. சுகர்னு தெரிஞ்சவங்க நாலு பேரு. மீதி ஏழு பேருல பரிசோதனை பண்ணிப் பாத்தவங்க ரெண்டே ரெண்டு பேரு.

வயசானா ஏன் வருதுன்னு அவரு சொன்ன விளக்கம் எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி இருந்துச்சு. சாப்பிட்ட சர்க்கரையில பெரும்பங்கு போய்ச் சேர்ற இடம் சதை. குடோன் மாதிரி. வயசாக ஆக சதை கரையுது, குடோன் சிறுத்துப் போகுது. அதே நேரத்துல வயித்தைச் சுத்திக் கொழுப்பு சேருது, அது இன்சுலினை வேலை செய்ய விடாது. கணையமும் இத்தனை வருசம் உழைச்சு ஓய்ஞ்சு போயிருக்கும். வெளிய பாத்தா ஆள் ஒல்லியாத் தெரிவாங்க. எங்க அத்தையும் ஒல்லிதான், கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால. வயசானவங்களுக்குத் தாகம் தெரியறதும் கொறைஞ்சு போயிரும், அதனால "தண்ணி தண்ணின்னு கேட்டாத்தான் சுகர்"னு காத்திருந்தா ஏமாந்து போவோம்னாரு.

அப்புறம் டேப்பை எடுத்தாங்க. கூட வந்தவங்களுக்கும் அளக்கறாங்க, அதுக்குக் காசு வாங்கறதில்ல. சென்னையில சர்க்கரை நோய் டாக்டர் மோகன் குழு நம்ம மக்களுக்குன்னே 2005ல போட்ட ஒரு மார்க் கணக்கு இருக்குதாம். வயசு 50க்கு மேலன்னா 30. இடுப்புச் சுத்தளவு பொம்பளைங்களுக்கு 80 செ.மீ. தாண்டினா 10, 90 தாண்டினா 20. ஆம்பளைங்களுக்கு 90 தாண்டினா 10, 100 தாண்டினா 20. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும் இருந்தா 20. ஒடம்பு அசையாம உக்காந்தே இருந்தா 30, ஓரளவு உழைப்பு இருந்தா 20. மொத்தம் நூத்துக்கு 60 வந்தாலே ரத்தம் எடுத்துப் பாத்தாகணும்.

எனக்கு 56 வயசு, 30. இடுப்பு 92, அதுக்கு 20. மாடு கன்னு வேலை இருக்குது, தனியா நடக்கறதில்ல, 20. அப்பாவுக்கு இருந்துச்சு, 10. மொத்தம் 80. என் வீட்டுக்காரருக்கு 70. அடுத்த தடவை நாங்களும் வெறும் வயித்தோட போனோம். அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வெறும் வயித்துல 114, சராசரி 6.1. இது சர்க்கரை நோய் இல்ல, 126ம் 6.5ம் தொட்டாத்தான் நோய்னு பேரு, ஆனா வாசப்படியில நிக்கறீங்கன்னாரு. இப்ப வாய்க்கால் மேட்டுல தெனம் முக்கால் மணி நேரம் நடக்கறேன். அத்தை வாசல்ல நாற்காலியைப் பிடிச்சுட்டு உக்காந்து எந்திரிக்கறாங்க, வெடியால பத்து, பொழுதோட பத்து. தொடைச் சதை கரையாம இருக்க அது போதும்னு இங்கதான் சொல்லிக் குடுத்தாங்க.

இனி குறை. முதல் குறை, கிளினிக் மாடியில இருக்குது. பதினேழு படி, லிப்ட் இல்ல. கால் மரத்துப் போனவங்களும் கண்ணு மங்கினவங்களும் வர்ற எடம். ஒரு பக்கந்தான் கைப்பிடி. ஒவ்வொரு தடவையும் அத்தைக்கு முன்னால ஒருத்தரும் பின்னால ஒருத்தருமா ஏறினோம். பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி இல்ல. இதை ரெண்டு தடவை சொல்லிட்டேன், தலையாட்டறாங்க, வேலை நடக்கல. கண் விழித்திரையைப் படம் எடுக்கற ஆளு மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை மட்டுந்தான் வர்றாரு. போன்ல கேட்டுட்டுப் போகலாம்னா மத்தியானத்துக்கு மேல போனை எடுக்க மாட்டாங்க. ரெண்டு தடவை சும்மா அலைஞ்சோம். மருந்துக் கடையில டாக்டர் எழுதாத ஒரு சத்துமாவு டப்பாவை, 680 ரூபா, "எல்லாரும் வாங்கறாங்க"ன்னு பையில போடப் பாத்தாங்க. சீட்டுல இருக்கறதை மட்டும் குடுங்கன்னு கறாராச் சொல்லுங்க.

முதல் தடவை குடுத்த சாப்பாட்டுச் சீட்டு எங்களுக்கு ஒத்தே வரல. ஓட்ஸ், கோதுமை பிரட், ஆப்பிள். ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கறதை எல்லாருக்கும் ஒண்ணு குடுத்துடறாங்க. அத்தை அதை என்கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இதெல்லாம் எந்தக் காட்டுல வெளையுது?"ன்னாங்க. நான் ரெண்டாவது தடவை போறப்ப, எங்க வீட்டுல என்ன ஆக்கறோமோ அதை எழுதிக் கொண்டு போனேன். அன்னைக்கு இருந்த உணவு ஆலோசகர் பொண்ணு அந்தியூர்ப் பக்கம், நல்லவேளை. பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா மாத்திக் குடுத்துச்சு. அரிசிம்பருப்பு சோறு சாப்பிடலாம், ஆனா அரிசியையும் பருப்பையும் சரிபாதியாப் போட்டு, தட்டுல பாதி காய் வெச்சுட்டு. கொள்ளும் தட்டைப்பயிறும் வாரத்துல நாலு நாள். சந்தகைக்குத் தேங்காப்பாலும் சர்க்கரையும் வேண்டாம், கொள்ளுக் குழம்பு ஊத்திக்கோங்க. ராகின்னா எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்னு நாங்க நெனைச்சுட்டு இருந்தோம். நைசா அரைச்சுச் சலிச்சுக் கூழாக் குடிச்சா சர்க்கரை சீக்கிரமா ஏறும், அளவோடதான் சாப்பிடணும்னு சொல்லுச்சு.

அத்தை சின்ன வயசுல கம்மஞ்சோறும் சோளச்சோறுந்தான் சாப்பிட்டாங்களாம். நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும். பவானிசாகர் அணையை 1955ல கட்டி முடிச்சு கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வந்தப்புறம் இந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் மஞ்சளும் ஆச்சு, மூணு வேளையும் அரிசி ஆச்சு. அப்ப சோறு மாறினாலும் மாட்டைக் கட்டிக் கவலையில தண்ணி எறைக்கறது இருந்துச்சு, குனிஞ்சு நிமிந்து களை வெட்டு இருந்துச்சு. இப்ப தண்ணிக்கு மோட்டார் பட்டன், உழவுக்கு டிராக்டர். சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே நிக்குது. இதை டாக்டர் சொல்லல, அத்தையே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாங்க.

நாட்டுச்சர்க்கரைதான் எங்க வீட்டுல பெரிய விசயம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போறது. எங்க பொழைப்பே அதுதான். வெள்ளைச் சர்க்கரைதான் விசம், இது மருந்துன்னு வாங்க வர்றவங்ககிட்ட நானே பல தடவை சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு தயங்காமச் சொல்லுச்சு: "அக்கா, இதுவும் கரும்புச் சாறுதான். இரும்புச்சத்து அது இதுன்னு கொஞ்சம் இருக்கலாம், ரத்தத்துல ஏர்றப்ப ரெண்டும் ஒண்ணுதான்." மனசுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் புரட்டாசி ராத்திரி 46ல இருந்த அத்தையை கால் மணி நேரத்துல 71க்குத் தூக்கினது எதுன்னு எனக்குத் தெரியுமே. அவ்வளவு வேகமா ஏத்தறது, சுகர் இருக்கறவங்களுக்குத் தெனமும் டீயில போடற பொருள் ஆகாது. இப்ப ஆலைக்கு வந்து "சுகருக்கு நல்லதுங்களா"ன்னு கேக்கறவங்ககிட்ட, இல்லைன்னு சொல்லித்தான் விக்கறேன்.

தை மாசம் ஆலை ஆட ஆரம்பிச்சுது. அம்பது வருசமா எங்க ஆலையில பதம் பாக்கறது அத்தைதான். கொப்பரையில பாகு கொதிச்சு, நுரை அடங்கி, கொழகொழன்னு குமிழி விடறப்ப, கரண்டியில ஒரு சொட்டு எடுத்து தண்ணிக் கிண்ணத்துல விடுவாங்க. அது உருண்டு நிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டிப் பாத்துட்டு, அந்த உருண்டையை வாயில போட்டுக்குவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை கொப்பரையோ அத்தனை உருண்டை, ஒவ்வொரு கொப்பரைக்கும் ரெண்டு மூணு தடவை. இதையெல்லாம் நாங்க சாப்பாட்டுக் கணக்குல எழுதிக் குடுக்கவே இல்ல. இந்தத் தையில முதல் கொப்பரை எறங்கற நேரம் நான் பக்கத்துல போய் நின்னேன், ஒண்ணும் சொல்லல. உருட்டினாங்க. விரலைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, உருண்டையைத் திரும்பக் கொப்பரையிலயே போட்டுட்டு, "பதத்துக்கு வெரல் போதும் கண்ணு"ன்னாங்க. வெரலைத் தண்ணியில கழுவிக்கிட்டாங்க.

மாசியில டாக்டர் அத்தைகிட்ட ஒரு கேள்வி கேட்டாரு: "குண்டம் இறங்கற வேண்டுதல் இருக்குதுங்களாம்மா?" வேற ஊரு டாக்டரா இருந்தா இதைக் கேக்கத் தோணியிருக்காது. அத்தை பண்ணாரி அம்மன் கோயில்ல வருசாவருசம் பங்குனியில குண்டம் இறங்கி நெருப்பு மிதிக்கறவங்க. "இருபத்தி ரெண்டு வருசமுங்க சாமி. அம்மன் பாத்துக்குவா"ன்னாங்க. டாக்டர் அதை மறுத்துப் பேசல. "சூடு தெரியற காலோட இறங்கினா, சுட்டா சட்டுனு தாண்டிப் போயிருவீங்க. உங்க காலுக்குச் சூடே தெரியாதுங்கம்மா. கொப்புளம் வந்தாலும் தெரியாது, புண்ணானாலும் தெரியாது, ஆறவும் ஆறாது. அம்மனுக்கு உங்க கால் இருக்கணும்ங்க, அடுத்த வருசமும் நடந்து வர"ன்னாரு. அத்தை ரொம்ப நேரம் பேசல. பஸ்ல வர்றப்ப சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாங்க. பங்குனியில பண்ணாரிக்குப் போனோம். கல்லுத்தரை கொதிக்கற வெயிலு, ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸ் போட்டுக் கூட்டிப் போனேன். குண்டத்துக்கு இந்தப் பக்கம் நின்னு, எல்லாரும் இறங்கி முடியற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டே இருந்தாங்க. அத்தை வேண்டுதலை இந்த வருசம் என் வீட்டுக்காரரு இறங்கித் தீத்தாரு.

மாத்திரைச் செலவு பத்திக் கேட்டிருந்தாங்க சில பேரு. அளவு ஒரு நிலைக்கு வந்ததும், இதே மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கிடைக்கும், எதுக்குக் காசு குடுக்கறீங்கன்னு டாக்டரே மருந்தோட மூலப் பேரை எழுதிக் குடுத்தாரு. இப்ப மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வேலை பாக்கற அம்மா எங்க வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துட்டு, பிரசரும் பாத்துட்டுப் போறாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம் அது. எங்க வளவுல பரிசோதனை பண்ணாத அஞ்சு பேரையும் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். மூணு பேரு விரலை நீட்டிட்டாங்க. ஒருத்தருக்கு 268. ரெண்டு பேரு இன்னும் "எனக்கென்ன நல்லாத்தான இருக்கறேன்"னு சொல்லிட்டு இருக்காங்க, விடறதா இல்ல.

கோபி போறவங்களுக்கு: புதன்கிழமைன்னா ஆறரைக்கே போயிருங்க, ஞாயித்துக்கிழமை லீவு. பழைய சீட்டு, போட்டுட்டு இருக்கற எல்லா மாத்திரை அட்டையும், நாட்டு மருந்து இருந்தா அதையும் மறைக்காம எடுத்துட்டுப் போங்க. விரதம், ஒருபொழுது எந்தெந்த நாள்னு டாக்டர் கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிருங்க. ஒரு பழைய வெல்வெட் துண்டும் கைக்கண்ணாடியும் எடுத்துட்டுப் போனா, வீட்டுல காலை எப்படிப் பாக்கணும்னு அந்த நர்ஸ் பொண்ணு செஞ்சே காட்டும். எங்களுக்கு அடுத்த தேதி ஆனி முதல் வாரம். அத்தைக்கும் எனக்கும் ஒரே நாள்ல டோக்கன் வாங்கியிருக்கேன்.